பாதி மட்டும் வரைந்த கப்பல்

பட்டுச்சேலையின் இரட்டை மயில் பார்டரில் ஒரு மயிலை மட்டும்தான் தணிகாசலம் வரைகிறார். அலகு, கழுத்து, தோகை என்று கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டே வந்து, தோகை நுனியில் நிறுத்தி, ஒரு பொத்தானை அமுக்குகிறார். எதிரில் இன்னொரு மயில் வந்து நிற்கிறது. தினமும் நடப்பதுதான். இருந்தாலும் முதன்முறை பார்ப்பவரைப் போலத் தலையைப் பின்னுக்கு இழுத்துப் பார்க்கிறார். "பாதி நம்ம வேல, பாதி அதோட வேல" என்று சொல்லிவிட்டுப் பென்சிலைக் காதில் செருகிக்கொள்கிறார். கணினியில் வரைகிறவருக்குப் பென்சில் எதற்கு என்று கேட்டால், "காது சும்மாதானே கீது" என்பார்.

ஆரணி கொசப்பாளையத்தில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே அவருடைய அறை. பட்டு வந்து போகிற இடம் என்பதால் படி முடிகிற இடத்திலேயே செருப்பை விட்டுவிட வேண்டும். உள்ளே ஒரு கணினி, அட்டையில் துளை போடும் இயந்திரம், சுவரோரம் கயிற்றில் கோத்துத் தொங்கும் அட்டைகள். தறியின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு இந்த அட்டைகளைப் பார்த்துத்தான் எந்த இழையைத் தூக்குவது என்று தெரிந்துகொள்கிறது. துளை இருந்தால் இழை எழும்பும். தணிகாசலத்தின் மயில், அன்னம், மாங்காய் எல்லாம் கடைசியில் வெறும் துளைகளாகத்தான் படியிறங்கிப் போகின்றன. யாரோ ஒரு பெண்ணின் தோளில் மறுபடியும் மயிலாகும்போது அவர் பெரும்பாலும் பார்ப்பதில்லை. அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. "கல்யாண ஊட்ல சோறு துன்னும்போது பாத்துக்கினேதான் இருக்கேன். என்து ஒண்ணு, ரெண்டு கண்ல படும். போதும்."

முப்பத்தெட்டு வயது. ஒல்லி. பசி நன்றாக எடுக்கிறது, தூக்கம் நன்றாக வருகிறது என்று கேட்காமலே சொல்வார். யாராவது ஒரு இடத்தில் தடுமாறி நிற்பதை மட்டும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. புதிய அட்டை கட்டும் நாளில் நெசவாளரின் வீட்டுக்கே போய்த் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். "அது இல்லீங்க, அடுத்த அட்ட" என்று அவர்கள் கை நீளும்முன் சொல்லிவிடுவார். பேருந்து நிலையத்தில் பெரணமல்லூர் வண்டி எது என்று ஒருவர் கேட்டால் வழி சொல்லி அனுப்ப மாட்டார். கூடவே போய், ஏற்றி, சன்னலோரம் உட்கார வைத்துவிட்டுத்தான் திரும்புவார்.

இப்படிப்பட்டவருக்கு ஓர் ஆசை இருக்கிறது. யாரையாவது பயமுறுத்த வேண்டும்.

பக்கத்துச் சேத்துப்பட்டில் கணினி பழுது பார்க்கும் வெற்றிச்செல்வன் மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு சிடியைக் கொடுத்துவிட்டுப் போனான். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்தது. விளையாட்டு செய்வதற்கான சாஃப்ட்வேர் அதில் இருந்தது. ஓடுவது, சுடுவது எதுவும் கிடையாது. படம் வரைந்து கொடுத்தால், ஆடுகிறவர் மவுஸால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். கதவைத் தொட்டால் திறக்கும், விளக்கைத் தொட்டால் கையில் வரும், விளக்கைக் கொண்டுபோய் இருட்டில் வைத்தால் அங்கே என்ன இருக்கிறது என்று தெரியும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் தணிகாசலம் அதில் உட்கார ஆரம்பித்தார். கட்டத்தை நிரப்புகிறவருக்குக் கணினித் திரை புதிதல்ல. பட்டில் ஒரு கட்டம் ஓர் இழை. இதில் ஒரு கட்டம் ஒரு புள்ளி. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் செய்தது ஒரு கப்பல். நடுக்கடலில் ஆளில்லாமல் நிற்கும் கப்பல். படகில் போகும் ஒருவன் அதில் ஏறுகிறான். படகைக் கட்டிய கயிறு அறுந்து படகு போய்விடுகிறது. இனி அவன் கப்பலுக்குள் நடந்து, இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். முழுவதும் ஆடி முடிக்க அரைமணி நேரம் போதும்.

ஏன் கப்பல் என்று கேட்டேன். கல்யாணமான புதிதில் மனைவி சுபலட்சுமியோடு புதுச்சேரிக்குப் போனபோது கரையில் உட்கார்ந்து ஒரு கப்பலைப் பார்த்திருக்கிறார். "தூரத்துல. சுண்டல் துன்னு முடிக்கிற வரைக்கும் பாத்தேங்க. அது நின்னுகினு இருந்துச்சா, போய்கினு இருந்துச்சா, தெர்ல. அதுக்கே எழுந்து வந்துட்டேன்." அதற்கு முன்பும் பின்பும் அவர் கடலைப் பார்த்ததில்லை.

கடலை ஒரு அலையாக வரைந்து, சேலை முழுக்கச் சின்னச் சின்னப் புட்டா போடுவதுபோல் திரை முழுவதும் அதையே அடுக்கினார். எல்லா அலையும் ஒரே உயரம். வானம் அரக்கு நிறம். கப்பல் மாந்தளிர். வேறு நிறங்கள் அவருக்குத் தோன்றவில்லை. கப்பலை முன்பக்கத்திலிருந்து நடுக்கம்பம் வரை வரைந்தார். அங்கே நிறுத்தி, பழக்கத்தில் பொத்தானை அமுக்கிவிட்டார்.

அதை முதலில் கவனித்தவன் வெற்றிச்செல்வன்தான். "அண்ணே, இதுக்குப் பின்பக்கமே இல்லியேண்ணே. ரெண்டு பக்கமும் மூக்கு கீது."

தணிகாசலம் தலையைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தார். உண்மைதான். ஒரு முனையிலிருந்து நடந்து மறுமுனைக்குப் போனால் அங்கேயும் அதே முன்பக்கம், அதே நங்கூரம், அதே மணி.

"எந்தப் பக்கம்ணே போவுது இது?"

"அதான்டா தெரியக்கூடாது" என்றார் தணிகாசலம். சொன்ன பிறகுதான் அது சரியென்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். மாற்றவில்லை.

செருப்பு விஷயத்திலும் அப்படித்தான். கப்பலின் அடித்தளத்துக்கு இறங்கும் துவாரத்தைச் சுற்றி மாலுமிகளின் செருப்புகளை ஜோடி ஜோடியாக வரைந்து வைத்திருக்கிறார். "கப்பல்ல எவன்ணே செருப்ப வெளிய வுட்டுட்டு உள்ள போவான்?" என்று வெற்றிச்செல்வன் கேட்டதற்கு, "பின்ன, செருப்போடவா எறங்குவாங்க?" என்று திருப்பிக் கேட்டார். அவருடைய குரலில் கோபம்கூட இருந்தது.

கப்பல் நன்றாக வந்தது. பயம் மட்டும் வரவில்லை.

முதலில் ஒரு பேய் வைத்தார். தொப்பி போட்ட கப்பல் தலைவன். அவனையும் பாதி முகம் வரைந்து பொத்தானை அமுக்கியதில், இரண்டு பக்கமும் ஒன்றுபோல் பிதுங்கிய கண்ணும் ஒன்றுபோல் தூக்கிய கையுமாகக் கோவில் வாசலில் நிற்கும் காவல் தெய்வத்தின் களை வந்துவிட்டது. பட்டு வியாபாரி குப்புராஜ் ஒருநாள் டிசைன் பார்க்க வந்தவர் மவுஸைப் பிடித்தார். கதவு திறந்து பேய் எழுந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு, "இதுல எங்கப்பா சுடணும்?" என்று கேட்டார்.

"சுடற வேல இல்ல மொதலாளி. பயப்படணும்."

"நூல் வெல ஏறிகினே போவுது. நான் பயப்படறதுக்கு உன் கேம்ஸ் வேறயா?"

பேய்க்குச் சத்தம் சேர்த்தால் சரியாகும் என்று நினைத்தார். நெசவாளர் துரைக்கண்ணுவின் வீட்டில் தறி ஓடும்போது ஒலியைப் பதிவுசெய்து கொண்டுவந்து, அதை மெதுவாக ஓட விட்டார். மரம் முனகியது, கயிறு இழுபட்டது. பழைய கப்பல் என்றால் யாரும் நம்புவார்கள். ஆனால் ஆரணியில் யாருக்குத் தெரியாது அந்தச் சத்தம்? துரைக்கண்ணுவே ஆடிப் பார்த்தார். அடித்தொண்டையிலிருந்து சிரித்தார். "டேய் தணிகா, இது என் தறிடா. அந்த மூணாவது கட்ட லூசா கீது பாரு, அது கத்துது. பேய் வந்து என் தறியில உக்காந்து நெய்யிதா? நெய்யட்டும், கூலிய நான் வாங்கிக்கிறேன்."

துரைக்கண்ணு தணிகாசலத்தைவிடப் பத்து வயது மூத்தவர். பயம் என்ற ஒன்றை அவரிடம் யாரும் பார்த்ததில்லை. தறிப்பள்ளத்துக்குள் வந்த பாம்பை இடுக்கியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தவர். "துரைண்ணா பயந்தா ஊரே பயந்த மாதிரி" என்பது தணிகாசலத்தின் கணக்கு.

சுபலட்சுமிக்கு இதில் வேறு கருத்து. அவள்தான் தினமும் மதியம் சோறு கொண்டுவருகிறாள். ஒருநாள் அவளும் ஆடிப் பார்த்தாள். தணிகாசலம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவள் ஒரு கதவின் முன் நின்று யோசித்தால், "சாவி அந்த மூலைல கீது பாரு" என்றார். இருட்டில் நின்றால், "விளக்க எடு, விளக்க எடு. பயப்படாத, ஒண்ணும் வராது" என்றார். அவள் மவுஸை வைத்துவிட்டாள்.

"இன்னாங்க நீங்க? பக்கத்துல உக்காந்துகினு சொல்லிகினே இருந்தா எவன் பயப்படுவான்? பேயே 'சரிங்க, நான் போய்ட்டு வரேன்'னு பூடும்."

"முழிச்சிகினு நிக்கிறியே, எப்டிச் சொல்லாம இருக்கறது?"

"வாயில எதுனா வச்சிக்கோங்க."

போன ஐப்பசியில்தான் கப்பல் வேறு பக்கம் திரும்பியது. அடைமழை. தணிகாசலம் துரைக்கண்ணு வீட்டுக்குப் புது அட்டை கட்டப் போயிருந்தார். துரைக்கண்ணுவின் தறி குழித்தறி. நெசவாளர் பலகையில் உட்கார்ந்து காலைப் பள்ளத்துக்குள் தொங்கவிட்டு, கீழே இருக்கும் மிதிகட்டையை மிதிக்க வேண்டும். மழைக்காலத்தில் பள்ளத்தில் தண்ணீர் ஊறும். நேற்று காய்ந்திருந்த பள்ளத்தில் இன்று கணுக்கால் அளவு நிற்கும். மேலிருந்து பார்த்தால் இருட்டு. தண்ணீர் இருப்பது தெரியாது. துரைக்கண்ணு பலகையில் உட்கார்ந்து ஒரு காலை மட்டும் கீழே விட்டார். பாதியில் நிறுத்தினார். கட்டைவிரலை மட்டும் நீட்டி, மெல்ல, இன்னும் மெல்ல இறக்கினார். பேச்சை நிறுத்தியிருந்தார். விரல் மிதிகட்டையின் காய்ந்த மரத்தைத் தொட்டதும் மூச்சு விட்டு, இரண்டு காலையும் போட்டுக்கொண்டு, விட்ட பேச்சைத் தொடர்ந்தார்.

"பயமாண்ணா?" என்று தணிகாசலம் கேட்டாராம்.

"பயம்லாம் இன்னாத்துக்கு? கால வைக்கறதுக்கு முன்னாடி ஒருவாட்டி கேட்டுக்கணும். அவ்ளோதான்."

அறைக்குத் திரும்பியதும் தொப்பிக்காரப் பேயை அழித்தார். அது இருந்த இடத்தில் ஒரு படிக்கட்டை வரைந்தார்.

இப்போது அந்த விளையாட்டு வேறு மாதிரி முடிகிறது. செருப்புகள் கிடக்கும் துவாரத்தின் வழியாக அடித்தளத்துக்கு இறங்க வேண்டும். அதுவரை திரையில் ஒரு கையாக இருந்த மவுஸ் குறி அங்கே ஒரு காலாக மாறிவிடும். ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் கால் ஒரு படி கீழே போகும். கப்பலின் முனகல் நின்றுவிடும். சத்தமே இருக்காது. எந்தப் படியில் தண்ணீர் தொடங்குகிறது என்று தெரியாது. கால் தண்ணீரைத் தொடும்போது கீழேயிருந்து இன்னொரு கால் அதே பாதத்தால் இந்தப் பாதத்தைத் தொடும். பிம்பம்தான். ஒரு காலை வரைந்து பொத்தானை அமுக்கியதுதான். ஆனால் ஆடுகிறவர் பதறித் தன் காலை மேலே எடுத்துக்கொள்ளும்போது கீழே இருக்கும் கால் போகாது. அங்கேயே இருக்கும். பிறகு அது ஒரு படி ஏறும்.

தண்ணீருக்குப் பாத்திரக்கடையில் ஒரு குண்டானைக் கடன் வாங்கி, அதில் சொட்டுச் சொட்டாக விட்டு ஒலிப்பதிவு செய்தார். கடைக்காரர் காரணம் கேட்டபோது, "கடலுக்கு" என்றார்.

இதற்கிடையில் தை மாத முகூர்த்தங்களுக்கான வேலை வந்துவிட்டது. குப்புராஜ் பெரிய முந்தி டிசைன்கள் கேட்டிருந்தார். பாதி மயிலில் இருக்கும்போது, இனி இடமில்லை, சேமிக்க முடியாது என்று கணினி சொல்லிவிட்டது. வெற்றிச்செல்வன் வந்து பார்த்தான். டிசைன்களில் கைவைக்க முடியாது. ஒன்றை அழித்தாக வேண்டும் என்றால் மீதி இரண்டுதான். ஒன்று கப்பல். இன்னொன்று சுபலட்சுமியின் பாட்டுகள். பழைய பாட்டுகளாகத் தேடித்தேடி அவள் வெற்றிச்செல்வனிடம் சொல்லி ஏற்ற வைத்தவை. சோறு கொண்டுவரும்போது கேட்டுவிட்டுத்தான் போவாள்.

"பாட்ட தொட்டீங்க, நாளைலேர்ந்து சோறு ஓட்டல்லதான்" என்றாள் சுபலட்சுமி. "மூணு வருசமா ஒருத்தர்கூட பயப்படல. அத வச்சிகினு இன்னா பண்ணப் போறீங்க?"

"சிடியில போட்டுத் தரேன்ணே. ஆரணி பஜார்ல ஒரு கடைல வசதி கீது" என்றான் வெற்றிச்செல்வன்.

தணிகாசலம் வேண்டாம் என்றுவிட்டார். "யாரும் பயப்படாத பேய பொட்டிக்குள்ள வச்சி இன்னாடா பண்றது? துரைண்ணா ஒருவாட்டி ஆடட்டும். அவரும் சிரிச்சாருன்னா அழிச்சிட்றேன். அப்பறம் கேக்க மாட்டேன்." சொல்லும்போது அவர் முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று மயிலின் மறுபாதி வந்து நின்றபோது அவர் தலையைப் பின்னுக்கு இழுத்துப் பார்க்கவில்லை.

கார்த்திகையில் ஒரு மதியம் துரைக்கண்ணு குடையை மடக்கிக்கொண்டு படியேறி வந்தார். நானும் அங்கே இருந்தேன். அவருடைய பள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். தறி நின்று நான்கு நாளாகிறது. "சொம்பால மொண்டு மொண்டு ஊத்தறோம். மொண்டா ஊறுது. பேஜாரு புடிச்ச மழ" என்று சொல்லிக்கொண்டே செருப்பை வெளியே விட்டார். அடுத்த அட்டைகள் தயாரா என்று பார்க்க வந்திருந்தார்.

"அட்ட கெடக்கட்டும்ணா. ஒருவாட்டி கப்பல ஆடிட்டுப் போ. முடிவ மாத்திட்டேன்."

"இன்னுமாடா அத வுடல? வேற யார் தறிய புடிச்ச இந்தவாட்டி?"

சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். தணிகாசலம் பக்கத்தில் உட்காரவில்லை. பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றார். காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பல்லுக்கிடையில் குறுக்காகக் கடித்துக்கொண்டார்.

துரைக்கண்ணு நிதானமாக ஆடினார். கப்பலில் ஏறினார். படகு போனதும், "போனா போவுது" என்றார். முனகல் சத்தம் வந்தபோது, "வந்துட்டாண்டா என் தறிக்காரன்" என்று திரும்பிச் சிரித்தார். சாவியைத் தேடி முன்பக்கத்தில் வெகுநேரம் நின்றார். சாவி அவருடைய கண்ணுக்கு எதிரிலேயே, மணியின் நாக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. தணிகாசலத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு காலடி முன்னால் வந்து, மறுபடியும் சுவருக்கே போனார். பென்சில் கிறீச்சென்றது.

சாவி கிடைத்தது. துவாரம் திறந்தது. செருப்புகளைப் பார்த்து, "பாவம், எல்லாம் நல்ல புள்ளைங்க. ஒழுங்கா வுட்டுட்டுப் போயிருக்கானுங்க" என்றார் துரைக்கண்ணு. மவுஸ் குறி காலாக மாறியது. முனகல் நின்றது.

அவர் அமுக்கினார். கால் ஒரு படி இறங்கியது. இன்னொரு படி. வெளியே மழையின் சத்தம் மட்டும் இருந்தது. அடுத்த படிக்கு அமுக்கும்முன் கொஞ்சம் நிறுத்தினார். அதற்கடுத்த படிக்கு இன்னும் கொஞ்சம். பேச்சு நின்றுபோயிருந்தது. குண்டானில் விழுந்த சொட்டு ஒன்று கேட்டது. அவர் எப்போது இரண்டு காலையும் தரையிலிருந்து எடுத்து நாற்காலியின் குறுக்குச் சட்டத்தில் வைத்தார் என்று நான் பார்க்கவில்லை. பார்த்தபோது அங்கே இருந்தன.

கால் தண்ணீரைத் தொட்டது. கீழேயிருந்து இன்னொரு கால் வந்து தொட்டது. துரைக்கண்ணு தன் காலை மேலே எடுத்தார். கீழே இருந்த கால் போகவில்லை. ஒரு படி ஏறியது. திரை இருண்டது. பிறகு கப்பலின் மேல்தளம் மட்டும் தெரிந்தது. செருப்புகளின் வரிசையில் புதிதாக ஒரு ஜோடி.

"இவ்ளோதானா?" என்றார் துரைக்கண்ணு. தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னாடா தணிகா இது, சின்னப் பசங்க வெளாட்டு. ஒரு காலு வருது, போவுது. இதுல பயப்பட இன்னா கீது? அட்ட ரெடியா, சொல்லு."

தணிகாசலம் பல்லிலிருந்து பென்சிலை எடுத்தார். அதில் பல்தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. "ரெடிண்ணா. ரெண்டு நாள்ல குடுத்து அனுப்பறேன்" என்றார். குரலில் ஒன்றும் இல்லை. நாற்காலிக்குப் பக்கவாட்டில் குனிந்து, மவுஸை வாங்கி, விளையாட்டை மூடினார். திரையில் 'கப்பல்' என்ற பெயரின் மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்தார். அழிக்கவா என்று கணினி கேட்பதற்கு இன்னும் ஒரு அமுக்கு பாக்கி.

துரைக்கண்ணு எழுந்துகொள்ளத் தயாரானார். சட்டத்திலிருந்து ஒரு காலை மட்டும் எடுத்துக் கீழே விட்டார். பாதியில் நிறுத்தினார். கட்டைவிரலை நீட்டி, மெல்ல, இன்னும் மெல்ல இறக்கி, மாடியறையின் காய்ந்த சிமெண்டுத் தரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் மறுகாலை வைத்தார்.

தணிகாசலம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தார். பிறகு மவுஸை மெதுவாக நகர்த்தினார். அம்பு கப்பலை விட்டு விலகி, சுபலட்சுமியின் பாட்டுகளின் மேல் போய் நின்றது.